பெண்ணும் பெண்ணும் கல்யாணம் பதிய முடியாது, சரி. வேறு என்ன எழுதி வைக்கலாம்?

வேளச்சேரிக்காரி:
நானும் அவளும் சில வருடங்களாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். போன மாதம் அவளுக்கு அவசரமாகப் பித்தப்பை ஆபரேஷன். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டார். ஃபிரெண்டு என்றேன். "சொந்தக்காரங்கள வரச் சொல்லுங்க" என்றார். திருநெல்வேலியிலிருந்து அவள் தம்பி வந்து கையெழுத்துப் போட்டான். எங்களில் ஒருத்திக்கு ஏதாவது ஆனால் மற்றவளை வாசலோடு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அன்றிலிருந்து போகவில்லை. வீடு அவள் பேரில், தவணை என் சம்பளத்தில். என்ன செய்து வைக்கலாம்?

மதுரை வக்கீலம்மா:
தங்கச்சி, முதலில் வீடு. உயில் எழுதாமல் அவர் போய்விட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அம்மா அப்பாவுக்குத்தான். தவணை கட்டியது நீங்கள் என்பதால் வாரிசாகிவிட மாட்டீர்கள். இப்போதே உங்கள் பேருக்கு மாற்றலாம் என்றால், குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கான முத்திரைத்தீர்வைச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே உயில். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். பின்னால் சொந்தக்காரர்கள் கேஸ் போட்டால் அது தாங்கும். பவர் பத்திரம் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்தவர் இறந்ததும் அது செல்லாது.

ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கவும் இணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகமே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் நாமினி பணத்தை வாங்கத்தான் முடியும், உரிமை வாரிசுக்கு. அதையும் உயிலில் சேருங்கள்.

ஆஸ்பத்திரியில், நினைவோடு இருக்கும் நோயாளியின் சம்மதம்தான் சட்டப்படி சம்மதம். அதைத் தைரியமாகச் சொல்லுங்கள். உயிர்காக்கும் கருவிகளை நிறுத்தும் கட்டம் வந்தால் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2023-லிருந்து அதற்கு மாஜிஸ்திரேட் தேவையில்லை. இரண்டு சாட்சியும் நோட்டரியும் போதும்.

விழுப்புரத்தான்:
ஒரே பாலினத்தவர் கல்யாணம் பற்றிய சுப்ரீம் கோர்ட்டின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பை நேரலையில் பார்த்தேன். கல்யாண உரிமை இல்லை என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். சேர்ந்து வாழ்வதற்காவது சட்ட அங்கீகாரம் வேண்டும் என்றவர்கள் இரண்டே பேர். ஒரு ஓட்டில் போனது, இன்னும் ஆறவில்லை. ஆனால் நம் ஊர் ஹைகோர்ட்டை நம்புகிறேன். திருநங்கையும் மணமகள்தான் என்று 2019-ல் சொன்னது மதுரைக் கிளை. 2025 மே மாதம், வீட்டார் பிடித்து வைத்திருந்த பெண்ணைத் தோழியோடு போக விட்டு, குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழி இல்லை என்று எழுதியது சென்னை. வேளச்சேரி அக்கா, அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள்.

வேளச்சேரிக்காரி:
ரொம்ப நன்றி அக்கா, தம்பி. உயிலுக்கு மாடி வீட்டு மாமியும் அவர் கணவரும் சாட்சி போடுகிறேன் என்கிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பரவாயில்லையா?

மதுரை வக்கீலம்மா:
செல்லும். ஆனால் உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். ஒருவராவது உங்களைவிட இளையவராக இருக்கட்டும். அன்றைக்கே உங்கள் உயிலையும் உங்கள் இணையின் பேருக்கு எழுதிவிடுங்கள்.