விண்வெளியில் மாட்டிக்கிட்ட ஜோசி கோஷ்டி: பார்த்தவங்க இருக்கீங்களா?

பழையடிவி:

சின்ன வயசுல பார்த்த கார்ட்டூன் பத்திப் பேசுற இந்த இடத்துல எல்லாரும் 90களின் கார்ட்டூனையே எழுதுறீங்க. நான் கொஞ்சம் பின்னாடி போறேன். 1972. அப்பா கொலம்பஸில், அதாவது அமெரிக்காவின் ஒஹையோவில், பிஎச்டி படிச்சுக்கிட்டிருந்தார். எனக்கு எட்டு வயசு. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போன யார்கிட்டயோ மலிவா வாங்கின கறுப்பு வெள்ளை டிவி. சனிக்கிழமை காலையில் மட்டும் அது எனக்கும் தம்பிக்கும் சொந்தம். கார்ன்ஃபிளேக்ஸ்ல அம்மா பாலைக் காய்ச்சித்தான் ஊத்துவாங்க, பச்சைப்பால் சளி பிடிக்குமாம். முதல் விளம்பரம் வர்றதுக்குள்ள அது கூழாயிடும்.

அந்த வருஷம் செப்டம்பர் 9ஆம் தேதி சிபிஎஸ் சேனல்ல ஆரம்பிச்சது 'ஜோசி அண்ட் த புஸ்ஸிகேட்ஸ் இன் அவுட்டர் ஸ்பேஸ்' கார்ட்டூன். ஜோசி, வேலரி, மெலடின்னு மூணு பொண்ணுங்க, ஒரு பாட்டு கோஷ்டி. சிறுத்தைப்புள்ளி உடை, தலையில பூனைக்காது. 1970ல வந்த முதல் தொடர்ல ஊர் ஊராப் போய்ப் பாடுற இடத்துலயெல்லாம் ஏதாவது மர்மத்துல மாட்டி, வில்லனைப் பிடிச்சுக் கொடுப்பாங்க. அப்புறம் என்ன தோணுச்சோ, மொத்தக் கூட்டத்தையும் ராக்கெட்டுல ஏத்திட்டாங்க. புது ராக்கெட் வாசல்ல போட்டோ எடுக்க நிக்கிறாங்க. கோஷ்டியோட கூடவே திரியுற அலெக்சாண்ட்ரான்னு ஒருத்தி, முன்னாடி வந்து நிக்கணும்னு முட்டிக்கிட்டு வர்றா. எல்லாரும் சரிஞ்சு உள்ளே விழ, அவ கை பட்டு ராக்கெட் கிளம்பிடுது. பூனை செபாஸ்டியன் உட்பட. கல்யாண வீட்டு குரூப் போட்டோவுல இந்த அலெக்சாண்ட்ராவை நான் இன்னிக்கும் பார்க்கிறேன்.

என் கண்ணெல்லாம் வேலரி மேலதான். கறுப்பினப் பொண்ணு. கறுப்பு வெள்ளை டிவியிலயும் அவ நிறம் தனியாத் தெரியும். என் வகுப்புல அந்த நிறத்துக்குப் பக்கத்துல வர்றது நான் ஒருத்திதான். அவ சும்மா ஓரமா நிக்கிற ஆளும் இல்லை. விண்கப்பல்ல எது கெட்டாலும் வேலரிதான் பிரிச்சுப் பார்ப்பா, தப்பிக்கிற வழியையும் அவதான் கண்டுபிடிப்பா. பாட்டுல டம்பூரின், அதாவது ஓரத்துல சின்னச் சின்னத் தட்டு வெச்ச கைவாத்தியம், அவ கையில. எங்க வீட்டுல டம்பூரினுக்கு எங்கே போறது? பூஜை அலமாரியில இருந்த ஜால்ராவை எடுத்துக்கிட்டு சோபா மேல ஏறி நின்னேன். மூணாவது வாரம் அம்மா அதைப் பிடுங்கி உயரத்துல வெச்சுட்டாங்க.

டிசம்பர் 9 சனிக்கிழமை நாங்க இதைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ அப்பல்லோ 17 நிலாவுக்குப் போற வழியில இருந்தது. தம்பி கேட்டான், "அப்பா, அவங்க வழியில ஜோசியைப் பார்ப்பாங்களா?" அப்பா பேப்பர்லேருந்து தலையைத் தூக்காம, "இவங்க நிலாவோட திரும்பிடுவாங்கடா. உன் ஆளுங்க ரொம்ப தூரம் போயிட்டாங்க" என்றார்.

மொத்தம் 16 கதை. அதுக்கப்புறம் போட்டதையே போட்டாங்க. 1973 கோடையில நாங்க திருச்சிக்கே திரும்பிட்டோம். அங்கே அப்போ டிவியே கிடையாது. ஜோசி வீடு போய்ச் சேர்ந்தாளா இல்லையான்னு தெரியாமலே வளர்ந்தேன்.

மதுரைக்காரன்:

அக்கா, அன்னைக்கு ஆரம்பிச்ச ஜால்ராவா? 😄

நான் 90கள் ஆள்தான், கேபிள்ல ஸ்கூபி டூ, அதாவது பேய் வேஷக்காரங்களைப் பிடிக்கிற நாய் கார்ட்டூன், பார்த்து வளர்ந்தவன். ஹூஸ்டனுக்கு வேலைக்கு வந்தப்புறம் இந்த ஜோசி டிவிடியை எதேச்சையா வாங்கினேன். முதல் கதையில கோஷ்டி மேனேஜர் அலெக்சாண்டர் வாயைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்கூபியோட கூட்டாளி ஷாகி குரல்! அதே நடுக்கம், அதே கீச்சு. தேடிப் பார்த்தா ரெண்டு பேருக்கும் குரல் கொடுத்தது கேசி கேசம்தான். மெலடி தூக்கிக்கிட்டே திரியுற 'ப்ளீப்'னு ஒரு வேற்றுக்கிரகக் குட்டி இருக்கே, அது 'ப்ளீப்' தவிர ஒரு வார்த்தை பேசாது. அதுக்கும் பூனைக்கும் குரல் டான் மெசிக், ஸ்கூபிக்குக் கொடுத்தவரே. பேய் வேஷத்தைக் கழட்டிட்டு விண்வெளி உடை மாட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.

சும்மாஒருத்தி:

உங்க பாசம் புரியுது, ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கதை படு மோசம். ஒரு கிரகத்துல இறங்கு, அங்கே ஒரு கிறுக்கு வில்லன், சிறைப்படு, தப்பிச்சு ஓடும்போது ஒரு பாட்டு, கப்பலேறு. பத்து கதை பார்த்துட்டு எனக்கு எது எந்தக் கிரகம்னே மறந்துபோச்சு. ஆளே இல்லாத விண்வெளியில சிரிப்பொலி வேற.

பாட்டை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வேலரிக்குப் பாடினது பாட்ரிஸ் ஹாலோவே. பாட்டுப் பொறுப்பு டேனி ஜான்சனோடது. அவர் இந்தப் பொண்ணைத் தேர்ந்தெடுத்தப்போ, மூணு பேரும் வெள்ளைக்காரப் பொண்ணுங்களாவே இருக்கட்டும்னு இந்தக் கார்ட்டூனைத் தயாரிச்ச ஹன்னா-பார்பெரா கம்பெனி தரப்புல நினைச்சிருக்காங்க. ஜான்சன் ஆளை மாத்த மாட்டேன்னு பிடிவாதமா நின்னார். சில வாரம் இழுபறி. கடைசியில கம்பெனி முதலாளிகள்ல ஒருத்தரான வில்லியம் ஹன்னா இறங்கி வந்தார். அமெரிக்க சனிக்கிழமை கார்ட்டூன்கள்ல தொடர்ந்து வந்த முதல் கறுப்பினப் பெண் பாத்திரம் வேலரிதான். பாட்ரிஸ் 2006ல போய்ச் சேர்ந்துட்டாங்க. மெலடிக்குப் பாடின பொண்ணு பின்னாளில் ஷெரில் லாட்னு பெரிய நடிகையானாங்க, அவங்களைத்தான் எல்லாருக்கும் தெரியும்.

பழையடிவி:

இந்த இழுபறி எனக்குத் தெரியாதும்மா. நல்லவேளை அந்த மனுஷன் அசையலை. இல்லைன்னா நான் சோபா மேல ஏறியிருக்கவே மாட்டேன்.

மதுரைக்காரன்:

அக்கா, வீடு திரும்பினாங்களான்னு கேட்டீங்களே. 1973 செப்டம்பர்ல ஸ்கூபி டூ தொடர் ஒண்ணுல விருந்தாளியா வர்றாங்க, ஒரு படகுல பேய்க்கதை. பூமியிலதான் இருக்காங்க. எப்படி வந்தாங்கன்னு ஒரு வார்த்தை கிடையாது.

பழையடிவி:

1973ஆ! நாங்க ஊர் திரும்பின அதே வருஷம். ஒரு மூணு மாசம் தள்ளிக் கிளம்பியிருந்தா பார்த்திருப்பேன். இப்பவே தம்பிக்கு போன் போடறேன், அவனுக்கு 56 வயசாச்சு.

டிவிடி எங்கே வாங்கினே தம்பி?

மதுரைக்காரன்:

ஆன்லைன்லதான். ஆனா அமெரிக்காவுக்கான ரீஜன் 1 தட்டுக்கா. நம்ம ஊர் பிளேயர் சிலது எடுக்காது, பார்த்து வாங்குங்க.