புர்தா ஏன் காதலனின் கண்ணீரில் தொடங்குகிறது?

கேள்வி

அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். ரபீஉல் அவ்வல் மாதத்தில் புர்தா ஓதக் கேட்டே வளர்ந்தவன் நான். ஓசை மனப்பாடமாக இருந்ததே தவிர, அதன் பொருளை இந்த ஆண்டுதான் ஒரு தமிழுரையின் துணையோடு படித்தேன். நபிகளாரைப் புகழும் பாடல், "தூஸலமில் வாழ்ந்த அண்டையாரை நினைத்தா கண்ணீரோடு குருதியைக் கலந்தாய்?" என்று, பிரிவில் வாடும் ஒருவனைக் கேட்பதாகத் தொடங்குகிறது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், "அது அப்படித்தான்" என்கிறார்கள். நம் நூல்களில் கடவுள் வாழ்த்து வருவது போல இதுவும் ஒரு மரபா? அரபு அறியாத ஒருவர் அந்தப் பழைய இலக்கியத்துக்குள் எங்கிருந்து நுழைய வேண்டும்?

முதல் மறுமொழி

வ அலைக்குமுஸ்ஸலாம். மரபுதான், ஆனால் அது இஸ்லாத்துக்கும் முந்தைய மரபு. பாலைவனத்துப் பாணர்கள் பாடிய நெடும்பாடலுக்குக் கஸீதா என்று பெயர். காதலி தங்கியிருந்து பெயர்ந்துபோன கூடார இடத்தைக் கவிஞன் கண்டு அழுவான். பிறகு ஒட்டகத்தில் ஏறிப் பயணப்படுவான். இறுதியில் தன் குடியையோ ஒரு தலைவனையோ புகழ்வான். அழுகை வரும் முதற்பகுதியை நஸீப் என்பார்கள். இஸ்லாத்துக்கு முந்தைய காலத்தின் தலைசிறந்த கஸீதாக்களாக, முஅல்லகாத் என்று போற்றப்படும் பாடல்களுள் முதலாவதாக வைக்கப்படும் இம்ருல் கைஸின் பாட்டு, உடன்வந்த இருவரையும் "நில்லுங்கள், அழுவோம்" என்று அழைத்தே தொடங்குகிறது. ஆளற்றுப்போன அந்த முற்றத்தில் மான் புழுக்கைகள் மிளகு மணிகளைப் போலச் சிதறிக் கிடந்தன என்கிறான் கவிஞன். நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய சரக்கு அந்த வறண்ட நிலத்துப் பாட்டில் உவமையாகி நிற்பதை ஒவ்வொரு முறையும் வியந்தே படிக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முஅல்லகாத் கவிஞர்களுள் ஒருவரான ஸுஹைரின் மகன் கஅப், முதலில் நபிகளாரை எதிர்த்துப் பாடியவர். பின்னர் மன்னிப்பு வேண்டி அவர் முன்னிலையிலேயே ஒரு கஸீதாவைப் பாடினார். அதுவும் "சுஆத் பிரிந்து சென்றாள்" என்றே தொடங்குகிறது. பாட்டைக் கேட்ட நபிகளார் தம் மேலாடையை அவருக்குப் போர்த்தினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. புர்தா என்றால் அந்த மேலாடைதான். 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பூஸீரி, வாதநோயில் கிடந்தபோது தம் பாடலைப் பாடியதாகவும், கனவில் நபிகளார் தமக்கு ஆடை போர்த்தியதாகவும், நோய் நீங்கி எழுந்ததாகவும் கூறுவதால் அவருடைய பாட்டுக்கும் அப்பெயர் நிலைத்தது. இரண்டு பாடல்களும் பஸீத் என்னும் ஒரே யாப்பில் அமைந்தவை.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் நீட்டிச் சொல்ல விரும்புகிறேன். புர்தாவின் நஸீபில் காதலியின் பெயர் இல்லை, இடப்பெயர்களே உள்ளன. தூஸலமும், அடுத்த அடியில் இருளில் மின்னல் வெட்டும் "இளம்" என்ற இடமும், மக்காவும் மதீனாவும் உள்ள ஹிஜாஸ் நிலத்தவை. ஆகவே பழைய கண்ணீர் அப்படியே இருக்க, ஏங்கப்படும் திசை மட்டும் மதீனாவின் பக்கம் திரும்பிவிடுகிறது. கவிஞர் தம்மையே "நீ" என்று முன்னிறுத்திக் கேட்பதும், நம் அகப்பாடல்களில் தலைவன் தன் நெஞ்சோடு பேசுவதைப் போன்றதே.

"அறியாமைக் காலம்" என்று முஸ்லிம்களே பெயரிட்ட காலத்தின் பாடல்களை முஸ்லிம் அறிஞர்களே ஏன் தேடித் தொகுத்தார்கள் என்று பலர் கேட்பதுண்டு. குர்ஆனின் அருஞ்சொற்களுக்குப் பொருள் காண அப்பாடல்களே சான்றாக இருந்தன என்பது முக்கியமான காரணம். பஸ்ராவில் 8ஆம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் அவற்றின் ஓசையை ஆராய்ந்து யாப்பிலக்கணம் வகுத்தார். அதே நூற்றாண்டின் இறுதியில் பாக்தாதில் பாடிய அபூ நுவாஸ், பாழிடங்களைப் பார்த்து அழுகிறவர்கள் அழட்டும், நான் மதுக்கடையை விசாரிக்கிறேன் என்று அந்த மரபையே கேலி செய்தார். நஸீப் அறியாதவருக்கு அந்தக் கேலி விளங்காது. எனவே கஸீதாவிலிருந்து தொடங்குங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. உரைநடையில் ஆயிரத்தொரு இரவுகளை முதலில் எடுக்கலாமா?

மூன்றாம் மறுமொழி

எடுக்கலாம்; ஆனால் அக்கால அரபுப் புலவர்கள் அதை உயர்ந்த இலக்கியமாக மதிக்கவில்லை. நாம் சிறுவயதில் கேட்ட அலாவுதீன் கதையும் அலிபாபா கதையும் பழைய கையெழுத்துப் படிகளிலேயே இல்லை. சிரியாவின் ஹலப் (அலெப்போ) நகரத்தைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709இல் பாரிசில் சொல்லக் கேட்டு, கல்லாந்து என்ற பிரெஞ்சு அறிஞர் தம் மொழிபெயர்ப்பில் சேர்த்தவை அவை.

கஸீதாவை முதலில் படிக்கச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஓசையும் ஒரே எதுகையும் போய்விட்ட மொழிபெயர்ப்பில் அது சக்கையாகத்தான் கிடைக்கும். 9ஆம் நூற்றாண்டுப் பஸ்ராக்காரரான ஜாஹிழின் கஞ்சர்களைப் பற்றிய நூலோ எந்த மொழியிலும் சிரிக்க வைக்கும். அடுத்து, 1122இல் மறைந்த ஹரீரியின் மகாமாத் என்ற எதுகை உரைநடைக் கதைத் தொகுதியைப் படியுங்கள். ஊர் ஊராக வேடம் மாற்றி, சொல்வன்மையாலேயே பணம் பறிக்கும் அபூ ஸைத் என்ற கிழவனின் 50 அத்தியாயங்கள் அதில் உள்ளன. புள்ளியுள்ள எழுத்துகளாலான சொல்லையும் புள்ளியே இல்லாத சொல்லையும் மாற்றி மாற்றி அடுக்கிய மடல் ஒன்றும் அதில் வருகிறது; நம் சித்திரகவிகளை ரசிப்பவர்களுக்கு அது பிடிக்கும். 1237இல் வாசித்தி என்பவர் படமெழுதிய படி பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. அதில் பள்ளிவாசல், சந்தை, நூலகம், ஒட்டகக் கூட்டம் என்று அக்கால வாழ்க்கையையே காணலாம். புர்தாவை மட்டும் இப்போது போலவே காதால் கேட்டுக்கொண்டிருங்கள்.