நழுவு உராய்வா, இழைப்பு உராய்வா?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் விடுமுறை வகுப்புக்கான இயற்பியல் சொற்பட்டியலைப் பார்த்தேன். நிலை உராய்வு (தொடும் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகராதபோது எதிர்ப்பது), எல்லை உராய்வு (நகரத் தொடங்கும் தறுவாயில் அது எட்டும் உச்ச அளவு) இரண்டும் சரி, அவற்றைத் தொட வேண்டாம். ஒரு பரப்பு இன்னொன்றின்மேல் நகரும்போது எதிர்க்கும் உராய்வுக்கு வைத்திருக்கும் ‘இயக்க உராய்வு’ என்ற பெயரில்தான் எனக்குச் சிக்கல். வழுக்காமல் உருளும் வண்டிச் சக்கரமும் இயக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது தரையைத் தொடும் இடத்தில் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்வதில்லை. அங்கே வேலை செய்வது நிலை உராய்வு. நடக்கும்போது பாதத்துக்கடியிலும் அப்படியே. பள்ளியில் பர்மிய மொழியில் படித்துவிட்டு நம்மிடம் வரும் பிள்ளையை இந்தப் பெயரே குழப்பிவிடும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘நழுவு உராய்வு’ பரவாயில்லை. ஆனாலும் நழுவுதல் என்றால் பிடி விட்டுப்போவது. இங்கே நகரும்போதும் பரப்பு விடாமல் எதிர்க்கிறதே! ‘வழுக்கு உராய்வு’ வேண்டவே வேண்டாம். உராய்வு குறைந்த இடத்தைத்தான் வழுக்குகிறது என்போம்.

‘இழைப்பு உராய்வு’ என்று வைக்கலாமா? சந்தனம் இழைக்கிறோம், தச்சர் பலகை இழைக்கிறார், இங்கே பர்மாவில் வீட்டுக்கு வீடு, முகத்தில் பூசும் தனக்கா மரக்கட்டையை இழைக்கிறார்கள். கல்லில் நீர் தெளித்து, தனக்காக் கட்டையை வைத்து லேசாகத் தள்ளிப் பாருங்கள். அசையாது. பலத்தைக் கூட்டினால் சட்டென்று கிளம்பும். கிளம்பிய பிறகு அவ்வளவு பலம் வேண்டியதில்லை. மேலிருந்து அழுத்தினால் மறுபடி இறுகும். அழுத்தும் விசைக்கேற்ப உராய்வு கூடும் என்று 1699-இல் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் சொன்னதைக் கையாலேயே உணரலாம்.

கணக்குக்குத் தேக்கு மரத்தையே எடுக்கலாம். சமதரையில் 1,000 கிலோ மரம், உராய்வுக் குணகம் (அழுத்தும் விசையில் உராய்வு எத்தனை பங்கு என்ற எண்) நிலைக்கு 0.5, இழைப்புக்கு 0.3 என்று கொண்டால், யானை அதைக் கிளப்ப சுமார் 4,900 நியூட்டன் வேண்டும். ஒரே வேகத்தில் இழுத்துப்போக 2,940 போதும்.

இழைப்பு என்றதும் தேய்மானம்தானே நினைவுக்கு வரும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். தேய்மானம் உராய்வோடு வரும் விளைவு, உராய்வு விசை வேறு. பட்டியலில் அதற்குத் தனியாக ஒரு வரி சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ‘நழுவு உராய்வு’ என்றும் போடுவோம், தமிழ்நாட்டுப் புத்தகம் படிக்கும் பிள்ளைக்கு உதவும். மோல்மேன் நகர நண்பர்களுக்குச் சம்மதம் என்றால் இந்த வாரமே திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
யாங்கோனிலிருந்து