ஓர் ஊருக்கு இரண்டு பெயர்: நேம் டேக்கில் எதைப் போடுவது?

குறிச்சொல்:
யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (ஓஎஸ்எம்) வரைபடத்தில், இருமொழி நகரம் ஒன்றின் பதினைந்து தெருக்களுக்கு, பெயரைக் குறிக்கும் நேம் டேக்கில் இரண்டு மொழிப் பெயரையும் நடுவில் சாய்கோடு போட்டு எழுதினேன். இரவுக்குள் யாரோ மொத்தத்தையும் ரிவர்ட் அடித்துப் பழையபடி ஆக்கிவிட்டார். "நேம் என்றால் ஒரு பெயர்" என்று ஒற்றை வரிக் குறிப்பு வேறு. ஓஎஸ்எம்மில் பிரசல்ஸ் நகரத்தின் பெயர் பிரெஞ்சிலும் டச்சிலும் சேர்ந்தேதானே நிற்கிறது? பொல்சானோவுக்கு இத்தாலியனும் ஜெர்மனும். அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயமா?

கல்வெட்டு:
ரிவர்ட் அடித்தது நான்தான். பிரசல்ஸ் தெருப் பலகையில் இரண்டு மொழியும் இருக்கிறது, அதனால் வரைபடத்திலும் இருக்கிறது. நீங்கள் தொட்ட தெருக்களில் பலகைக்கு ஒரு மொழிதான். களத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும், இருந்திருக்க வேண்டியதை அல்ல.

சாய்கோடும் தொல்லை. சுவிட்சர்லாந்தின் பீல்/பியென் நகருக்கு 2005 முதல் அதிகாரப்பூர்வப் பெயரே சாய்கோட்டோடுதான். அங்கே கோடு பெயரின் உறுப்பு, உங்கள் தெருவில் அது வெறும் வேலி. மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? வழிகாட்டிக் குரல் இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் வாசித்து முடிப்பதற்குள் திருப்பம் தாண்டிப் போயிருக்கும்.

நடைபயணி:
பலகை என்ன வானத்திலிருந்தா விழுந்தது? பின்லாந்தில் சிறுபான்மை மொழி பேசுவோர் 8 சதவீதமோ 3000 பேரோ இருந்தால்தான் அந்த நகராட்சி இருமொழி நகராட்சி. ஓர் ஆள் குறைந்தால் அந்த மொழி பேசுகிறவர்கள் காணாமல் போய்விடுவார்களா?

அயர்லாந்தின் டிங்கிளைப் பாருங்கள். 2005இல் ஐரிஷ் பெயர் மட்டுமே செல்லும் என்றது அரசு. 2006இல் ஊரார் வாக்களித்து மறுத்தார்கள். 2011இல்தான் சட்டம் அவர்கள் வழிக்கு வந்தது. நடுவே இருந்த ஆறு வருடமும் ஊரின் பெயர் எது, பலகையில் இருந்ததா, வாயில் இருந்ததா?

கல்வெட்டு:
இரண்டும்தான். அதற்குத்தானே தனித்தனி டேக்குகள்: அதிகாரப்பூர்வப் பெயர், பழைய பெயர், உள்ளூர் வழக்கு, மொழிவாரிப் பெயர். ஓஎஸ்எம்மின் தேடுகருவி நோமினாட்டிமில் எதைத் தேடினாலும் ஊர் கிடைக்கும். நேம் டேக் ஒன்றும் சிம்மாசனம் இல்லை.

குறிச்சொல்:
சிம்மாசனம்தான் ஐயா. படமாகவே வரைந்து அனுப்பும் வழக்கமான வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பரணில் போட்ட பாத்திரம்.

தட்டச்சன்:
படமாக அல்லாமல் தரவாக வரும் வெக்டர் வரைபடத்தில் எழுத்தை நம் கருவியே வரைகிறது, பார்ப்பவர் மொழிக்கேற்ப டேக்கை எடுத்துக்கொள்ளலாம். என்ன, சில செயலிகளில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு முன்னால் வராமல் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது! மொழியைத் தேர்ந்தெடுக்க வழி செய்தவர்கள் எழுத்துக் கோக்க மறந்துவிட்டார்கள்.

இளவேனில்:
அப்படியே உலகத்து ஊர்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் டேக்கை நிரல் எழுதி நிரப்பிவிடலாமே? ஒரு வார வேலை.

கல்வெட்டு:
வேண்டவே வேண்டாம். போலந்தின் வூச் நகரத்தை உங்கள் நிரல் "லோட்ஸ்" என்று எழுதும். இங்கிலாந்தின் லெஸ்டர் "லெய்செஸ்டர்" ஆகும், ரெடிங் "ரீடிங்" ஆகும். பெயரைக் காதால் கேட்டு எழுத வேண்டும், எழுத்தைப் பார்த்து அல்ல. நிரலால் ஆக்க முடிந்த பெயர் என்றால் காட்டும் செயலியே ஆக்கிக்கொள்ளட்டும், தரவில் எதற்கு? ஓஎஸ்எம் விக்கியிலும் இப்படி எழுத்துக்கு எழுத்து மாற்றும் எழுத்துப்பெயர்ப்பைத் தவிர்க்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். தானியங்கித் திருத்தம் என்றால் முதலில் சமூகத்தில் பேசியாக வேண்டும்.

இளவேனில்:
லண்டன், பாரிஸ் போல வழக்கில் இருப்பவை மட்டும்தான் இருக்கலாம் என்றால் தமிழில் உலகம் இருநூறு ஊரோடு முடிந்துவிடும். லெஸ்டர் என்று சரியாக எழுதத் தெரிந்தவர்கள் இங்கே எத்தனை பேர் உட்கார்ந்து நிரப்பப் போகிறோம்?

நடைபயணி:
இதில் நான் கல்வெட்டு பக்கம். காலியாக இருந்தால் யாராவது நிரப்புவார். தப்பாக நிரம்பியிருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த "லோட்ஸ்" நாலு தளத்துக்குப் பரவி, கடைசியில் அதையே சான்று என்று நம்மிடம் காட்டுவார்கள்.

குறிச்சொல்:
சரி, தெருக்களை விட்டுவிடுகிறேன், மொழிவாரி டேக்கில் போடுகிறேன். ஆனால் நகரத்தின் பெயர்? ரயில் நிலையப் பலகையிலும் நுழைவாயில் பலகையிலும் இரண்டு மொழியும் இருக்கிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கல்வெட்டு:
அப்படியானால் நகரத்துக்கு இரண்டையும் போடுங்கள், நான் கை வைக்க மாட்டேன். சாய்கோடு மட்டும் வேண்டாம், இடைவெளி விட்ட சிறுகோடு போதும். எந்த மொழி முதலில் என்பதற்கும் பலகைதான் கணக்கு. எது மேலே இருக்கிறது?

குறிச்சொல்:
ரயில் நிலையத்தில் ஒன்று, நுழைவாயிலில் மற்றொன்று.