ஹிர்கா நம் உலகத்துக்கு வந்தபின்னும் அந்நியளாகவே இருக்கிறாளா? ('ஓடினின் குழந்தை' படித்தவர்களுக்கு)

இரவுவாசகி கேட்கிறார்:

சிரி பெட்டர்சனின் 'ஓடினின் குழந்தை' நாவலை ஆங்கிலத்தில் படித்து முடித்தேன். நார்வேயில் 2013-ல் வந்தது. மொழிபெயர்த்தவர்கள் ஷான் மாக்கி, பால் ரஸ்ஸல் காரெட் இருவரும். முடித்தும் மனம் அதிலேயே கிடக்கிறது.

படிக்காதவர்களுக்காக: இம் என்னும் அந்த உலகில் எல்லோருக்கும் வால் உண்டு. பதினைந்து வயது ஹிர்காவுக்கு மட்டும் இல்லை. குழந்தையாக இருந்தபோது ஓநாய் கடித்துவிட்டது என்று சொல்லித்தான் தோரால்ட் அவளை வளர்க்கிறார். அதற்கு அத்தாட்சியாக முதுகின் அடியில் ஒரு தழும்பும் இருக்கிறது. அந்தத் தழும்பைப் போட்டது யார் என்று தெரியவரும் இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் செய்தார், புரிகிறது. ஆனால் தூக்கி வளர்த்த கையே கத்தியையும் பிடித்திருக்கிறது.

இந்த வகைக் கதைகளில் அநாதைப் பெண்ணுக்குள் ஒரு பெரும் சக்தி ஒளிந்திருக்கும். நேரம் வரும்போது வெளிப்படும். ஹிர்காவிடம் அப்படி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. மண்ணின் சக்தியான 'எவ்னா' ஊரில் எல்லோருக்கும் கொஞ்சமாவது வசப்படுகிறது, அவளுக்கு மட்டும் வருவதில்லை. தலைநகர் மான்ஃபல்லாவில் நடக்கும் சடங்கில் இம்மை ஆளும் சபையார் முன்னால் நிற்கும்போது அந்தக் குறை வெளிப்பட்டுவிடும் என்று ஒவ்வொரு நாளும் பயந்து சாகிறாள். அவளைப் போன்ற வாலில்லாத 'ஓடினின் குழந்தை'களைத் தொட்டால் உடல் அழுகும் என்றும் ஊர் நம்புகிறது. தோரால்டிடம் கற்ற மூலிகை வைத்தியம் ஒன்றுதான் அவள் சொத்து.

இப்போது என் கேள்வி. 2014-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அவள் நம் உலகத்துக்கு வருகிறாளாம். இங்கே யாருக்கும் வால் இல்லையே! கூட்டத்தில் ஒருத்தியாகிவிடுவாளா? அப்படியானால் நான் இதோடு நிறுத்திக்கொள்ளவே விரும்புகிறேன். முடிச்சுகளை உடைக்காமல் சொல்லுங்கள்.

கல்வட்டம்:

நிறுத்தாதீர்கள். மூன்று பாகமும் படித்தவன் சொல்கிறேன், அவள் கூட்டத்தில் கரைவதே இல்லை.

இங்கிலாந்தில், யார்க் நகரத்தில், ஒரு தேவாலயத்தில் அடைக்கலமாக இருக்கிறாள். மொழி வராது. பிறந்ததற்குச் சான்று கிடையாது, எந்த நாட்டுப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. இம்மில் அவள் உடம்பைப் பார்த்துப் பயந்தார்கள். இங்கே உடம்பை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் 'நீ யார், எங்கிருந்து வருகிறாய்' என்ற கேள்விக்கு நம்பும்படி ஒரு பதில் அவளிடம் இல்லை. அகதிகளைப் பற்றிய நாவல் என்று எங்கும் சொல்லிக்கொள்ளாமலே அந்த நிலைமையை இவ்வளவு நெருக்கமாகக் காட்டியதை நான் வேறு மிகைபுனைவில் படித்ததில்லை. வேகம் குறைவு என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அந்த மெதுவான பக்கங்கள்தான் பிடித்தன.

ஏழுமலைவாசி:

இரவுவாசகி, வால் விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நார்வே நாட்டார் கதைகளில் ஹுல்ட்ரா என்று ஒரு காட்டுப் பெண் உண்டு. பார்க்க அழகி, ஆனால் பாவாடைக்குள் மாட்டு வாலை மறைத்திருப்பாள். வால் எட்டிப் பார்த்தால் அவள் மனித இனம் இல்லை என்று தெரிந்துவிடும். தேவாலயத்தில் மனிதனை மணந்துகொண்டால் வால் உதிர்ந்துவிடும் என்பார்கள். ஆஸ்ப்யோர்ன்சன் 1845 முதல் வெளியிட்ட ஹுல்ட்ரா கதைத் தொகுப்புகள் வழியே அந்த நாட்டில் இவள் வீட்டுக்கு வீடு தெரிந்தவள்.

ஆக, அவர்கள் மரபில் வால் இருந்தால் அந்நியள். பெட்டர்சன் அதை அப்படியே தலைகீழாக்கிவிட்டார். இம்வாசிகளின் பயமுறுத்தும் கதைகளில் வரும் வாலில்லாப் பிறவி மனித இனம்தான். புத்தகம் படிக்கிற நாம்தான்! நாவலின் முதுகெலும்பே அதுதான் என்பேன்.

பழைய நார்டிக் புராணம் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் புராணத்தின் தலைமைக் கடவுளான ஓடினிடம் ஹுகின், முனின் என்று இரண்டு அண்டங்காக்கைகள் உண்டு. உலகைச் சுற்றிவந்து அவன் காதில் சேதி சொல்லும். இது தெரிந்திருந்தால் நாவலில் காக்கைகளுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று விளங்கும், அவ்வளவுதான். ஓடின் கதாபாத்திரமாக வருவதில்லை.

தாழ்வாரம்:

எல்லோரும் ஹிர்காவைப் பற்றியே பேசுகிறீர்கள், அவளுடைய சிறுவயதுத் தோழன் ரிமெயை விட்டுவிட்டீர்களே. சபையில் நாற்காலி காத்திருக்கும் குடும்பம், பாட்டி இலுமெ அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். அவன் அதை உதறிவிட்டு, செத்தவர்களாகவே தங்களை எண்ணிக்கொள்ளும் கோல்காக்கா வீரர்களோடு சேர்கிறான். அவனும் வெளியே நிற்பவன்தானே?

சபை அரசியல் வரும் அத்தியாயங்கள் எனக்குக் கொஞ்சம் பாரமாக இருந்தன, மறைக்கவில்லை. சபை நாற்காலிக்காக எதையும் செய்யத் துணியும் ஊர்ட் வரும் பக்கங்களை மட்டும் மூச்சு விடாமல் படித்தேன்.

கல்வட்டம்:

தாழ்வாரம், ஒப்புக்கொள்ள மாட்டேன். ரிமெ உள்ளே இருந்து வெளியே நடந்தவன். நினைத்தால் திரும்பிப் போகலாம். ஹிர்காவுக்கு முதலிலிருந்தே உள்ளே இடம் கிடையாது. அவர்கள் சிறுவயதிலிருந்து ஒருவருக்கொருவர் புள்ளி போட்டுக்கொள்ளும் விளையாட்டைக் கவனித்தீர்களா? மரம் ஏறினால் ஒரு புள்ளி, முந்திப் பதில் சொன்னால் ஒரு புள்ளி. அவனுக்கு அது விளையாட்டு. அவளுக்கோ, வால் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் தன்னை ஒருவன் சமமாக எண்ணும் ஒரே கணக்கு அது. அதனால்தான் விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கிறாள்.

இரவுவாசகி:

எல்லோருக்கும் நன்றி. ஏழுமலைவாசி சொன்னதையும் கல்வட்டம் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. ஹுல்ட்ராவின் வால் உதிர்வது தேவாலயத்தில். ஹிர்கா நம் உலகில் வந்து சேரும் இடமும் தேவாலயம். வாலோடு போனவள் அங்கே மனுஷியாகிவிடுகிறாள். பிறவியிலேயே வாலில்லாத இவளை அதே இடம் வெறும் விருந்தாளியாகத்தான் வைத்திருக்கிறது. ஆசிரியர் நினைத்துச் செய்தாரா தெரியாது, ஆனால் இனி அப்படித்தான் வாசிக்கப் போகிறேன்.

இரண்டாம் பாகத்தை இன்றே தொடங்குகிறேன். மூன்றாவதைப் பற்றி மட்டும் இப்போதைக்கு யாரும் இங்கே எழுத வேண்டாம்.