கயாக்கின் அடிப்பகுதியில் ஒரு சாண் விரிசல்: வீட்டிலேயே பற்றவைக்க முடியுமா?

கேள்வி (மண்டபத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது ஒருவர் மேலே அமர்ந்து துடுப்புப் போடும் வகைப் பிளாஸ்டிக் கயாக். பாக் விரிகுடாப் பக்கம் கரையை ஒட்டித் தூண்டில் போடுவதற்கு அதைப் பயன்படுத்தி வருகிறோம். வாடைக்காற்று ஓங்கியிருந்த ஒரு காலையில் கரையேறும்போது, அலை அதைத் தூக்கி, கரை அரிப்பைத் தடுப்பதற்காகக் கொட்டியிருந்த கருங்கற்களின் மேல் போட்டுவிட்டது. இருக்கைக்கு நேர் கீழே, ஏராவுக்கு (அடியின் நடுவில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக்கு) இணையாக, ஒரு சாண் நீளத்துக்கு அடிப்பகுதி பிளந்திருக்கிறது. விரிசலின் இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் கையால் அழுத்தினால் ஒரு விளிம்பு உள்ளே இறங்குகிறது. இது தவிர, தளத்தில் ஏறும் தண்ணீர் தானாக இறங்குவதற்காக விடப்பட்டிருக்கும் வடிகால் துளைகளுள் ஒன்றின் ஓரத்தில் மயிரிழை அளவில் ஒரு கீறலும் தெரிகிறது.

இங்கே ஃபைபர் வள்ளங்களைப் பழுதுபார்க்கும் ஒருவர், வள்ளத்துக்குச் செய்வதைப் போலவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி இழை மேட் வைத்து, ரெசின் பூசிக் கொடுத்தார். பார்வைக்கு மிகவும் உறுதியாக இருந்தது. கயாக்கை வெயிலில் கவிழ்த்து வைத்திருந்ததில் ஓரங்கள் எழும்பி, பிறகு நகத்தால் நெம்பியதும் ஒரே தகடாக உரிந்து வந்துவிட்டது. அடியில் இருந்த பிளாஸ்டிக்கில் ரெசின் ஒரு சுவடுகூடப் பதியவில்லை.

எதை வைத்து ஒட்டினால் நிற்கும்? சூடாக்கிப் பற்றவைக்கலாம் என்றால் ஹீட் கன் நல்லதா, சால்டரிங் அயர்ன் நல்லதா? நிரப்புவதற்கான பிளாஸ்டிக்கை எங்கே எடுப்பது? பழுதுபார்த்த பிறகு ஆள் ஏறிக் கடலில் செல்லும் அளவுக்கு அதை நம்பலாமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி (தேவிபட்டினத்திலிருந்து)

முதலில் அது எந்தப் பிளாஸ்டிக் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் எந்த வேலையையும் தொடங்க வேண்டாம். உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்திலிருந்து பிளேடால் ஒரு சிறு சீவலை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். பெரும்பாலான கயாக்குகளுக்குப் பயன்படும் பாலிஎத்திலீன் மிதக்கும், ஏபிஎஸ், பிவிசி என்ற வேறு பிளாஸ்டிக்குகள் இரண்டும் மூழ்கும். பிறகு அந்தச் சீவலை இடுக்கியில் பிடித்து, வெட்டவெளியில் நின்று நெருப்பில் காட்டுங்கள். பாலிஎத்திலீன் உருகிச் சொட்டும், மெழுகுவர்த்தியை அணைத்தபோது வரும் வாசனை வரும். ஏபிஎஸ் என்றால் கரும்புகையும் காரமான நெடியும் வரும்.

இன்னொரு சோதனையும் வேண்டும். சூடான அயர்ன் முனையை உள்பக்கம் ஓரிடத்தில் வையுங்கள். உருகிக் கண்ணாடி போல் தெளிந்து இழுபட்டால் பற்றவைக்கலாம். உருகாமல் ரப்பரைப் போல் குழைந்து, பிறகு கருகினால் அது குறுக்குப் பிணைப்புள்ள (மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்த) பாலிஎத்திலீன்; அதை எவ்வளவு சூடாக்கினாலும் பற்றவைக்க முடியாது. விரிசலின் உள்பக்கத்தைக் கை விட்டுத் தொட முடிகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. சீவல் மிதந்தது, மெழுகு வாசனைதான் வந்தது, அயர்ன் முனையில் தெளிவாக உருகியது. இருக்கைக்குப் பின்னால் திருகுமூடி போட்ட திறப்பு இருக்கிறது. அதன் வழியாக முழங்கைவரை விட்டால் விரிசலின் முழு நீளத்தையும் தொட முடிகிறது. வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டுகிறது. சுரண்டினால் உள்ளே பழைய நிறம் இருக்கிறது.

மறுமொழி (ராமநாதபுரத்திலிருந்து, பிளாஸ்டிக் தொட்டிகளும் குழாய்களும் பற்றவைக்கும் தொழில் செய்பவர்)

உள்பக்கத்தைத் தொட முடிவது பெரிய வசதி. பாதிக் கவலை அதிலேயே தீர்ந்தது.

ரெசின் ஏன் நிற்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொண்டியிலிருந்து கீழக்கரைவரை எல்லாக் கரையிலும் இதே வைத்தியத்தைத்தான் சொல்வார்கள். ஃபைபர் வள்ளம் ரெசினாலேயே ஆனது. அதன் மேல் ரெசின் பிடிப்பது இயல்பு. பாலிஎத்திலீனின் மேற்பரப்பு மெழுகுத் தன்மை கொண்டது, எந்தப் பசையையும் தன்மேல் பரவ விடாது, தாமரை இலைத் தண்ணீர் போலத்தான் எல்லாம் மேலே நிற்கும். அதோடு இந்தப் பிளாஸ்டிக் வெயிலில் அதிகமாக விரியும், ஆள் ஏறினால் வளையும். இறுகிப்போன ரெசின் தகடு அந்த அளவுக்கு விரியவும் வளையவும் செய்யாது. ஆகவே வேலை செய்தவரின் கைத்திறனில் குறை காண வேண்டியதில்லை. அந்தப் பொருள் இந்தப் பொருளுக்கு உரியதன்று. பாலிஎத்திலீனோடு நன்றாகச் சேர்வது உருகிய பாலிஎத்திலீன் மட்டுமே.

நிரப்புவதற்கு மிகச் சிறந்தது அதே கயாக்கின் பிளாஸ்டிக்தான். மூடியின் உள்விளிம்பிலோ கைப்பிடிக்கு அருகிலோ தேவையற்ற பிசிறு இருந்தால் சீவி எடுங்கள். போதவில்லை என்றால் உடைந்த மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் துண்டு ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் கேளுங்கள். அந்தத் தொட்டிகளும் பெரும்பாலான கயாக்குகளைப் போலவே, சூடான அச்சைச் சுழற்றி வார்க்கப்படும் பாலிஎத்திலீன்தான். நடுவில் நுரை அடுக்குள்ள தொட்டித் துண்டு வேண்டாம். கறுப்பு எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) குழாய்த் துண்டும் வேண்டாம், அது உங்கள் கயாக்கைவிட விறைப்பானது. எடுத்த துண்டு பொருந்துமா என்று அறிய, உள்பக்கம் ஓரிடத்தில் சிறிது உருக்கி ஒட்டி, நன்கு ஆறிய பின் கொறடால் பிடித்து இழுங்கள். சுத்தமாகப் பெயர்ந்து வந்தால் அது பொருந்தாது. அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

உருகு நிலை ஏறத்தாழ 120 முதல் 130 பாகை செல்சியஸ். ஹீட் கன்னில் காற்றின் வெப்பத்தை 260 முதல் 300 பாகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்கு இரண்டு கருவிகளுமே வேண்டும்: சுற்றுப்பகுதியைச் சூடேற்ற ஹீட் கன், விரிசலின் அடியை உருக்கிச் சேர்க்கத் தட்டை முனையுள்ள சால்டரிங் அயர்ன். கட்டுப்பாடில்லாத அயர்ன் மிகவும் சூடாகிவிடும். புகை வந்தால் பிளாஸ்டிக் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள், உடனே எடுத்துவிடுங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறிய பகுதியைச் சுரண்டி எறிந்துவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

தொடங்கும் முன், விரிசலின் இரு முனைகளிலும், கண்ணுக்குத் தெரியும் முனையைச் சற்றுத் தாண்டி, 3 மில்லிமீட்டர் துளை ஒன்றைப் போடுங்கள். இந்தத் துளை இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாகப் பற்றவைத்தாலும் விரிசல் பற்றவைப்பின் ஓரத்திலிருந்து மறுபடியும் ஓடத் தொடங்கும். அடுத்து, விரிசலின் நீளம் முழுவதும் வெளிப்பக்கத்திலிருந்து, பிளாஸ்டிக்கின் கனத்தில் முக்கால் பங்கு ஆழத்துக்குச் சரிவான பள்ளமாகச் சீவுங்கள். பள்ளத்தின் இருபுறமும் இரண்டு விரல் அகலத்துக்கு அந்த வெளுத்த மாவுப் படலம் முழுவதும் போய்ப் பழைய நிறம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். வெயிலில் செத்த அந்தப் படலம் உருகினாலும் சேராது. ரெசின் துணுக்கு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

கழுவும்போது நம் ஊர்க் கிணற்று நீரை நம்பாதீர்கள், அதிலும் உப்பு உண்டு. காவிரிக் குடிநீரிலோ கேன் தண்ணீரிலோ கழுவி, நிழலில் உலர்த்தி, கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும். ஆல்கஹால் முழுவதும் உலர்ந்து, புட்டியும் துணியும் அப்புறப்படுத்தப்பட்ட பிறகே கருவியைச் சூடாக்க வேண்டும்.

கடற்காற்று எழுவதற்கு முன்னதாக, காலையில், சுவர் மறைப்பு உள்ள திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள். காற்று அடித்தால் சூடு நிலைக்காது. மூடிய அறை என்றால் புகை மூச்சுக்கு ஆகாது. முதலில் நிரப்பு இல்லாமல் அயர்ன் முனையைப் பள்ளத்தின் அடியில் மெதுவாக நகர்த்தி இரு விளிம்புகளையும் உருக்கிச் சேருங்கள். இறங்கும் விளிம்பை, உள்பக்கமிருந்து மரக்கட்டையால் தாங்கிக்கொள்ள இன்னொருவர் உடனிருக்க வேண்டும். பிறகு பள்ளத்தையும் நிரப்புப் பட்டையையும் ஒரே சமயத்தில் சூடாக்கி, இரண்டும் ஈரம் பட்டதைப் போல் மினுங்கும் தருணத்தில் பட்டையை அழுத்தி ஊட்டிக்கொண்டே செல்லுங்கள். பட்டை மட்டும் உருகி, அடி உருகாமல் இருந்தால் அது வெறுமனே மேலே படுத்திருக்கும். பெரும்பாலான வீட்டுப் பற்றவைப்புகள் இதனால்தான் பெயர்கின்றன. பள்ளம் நிரம்பி, மேலே சிறிது மேடாக நிற்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்காதீர்கள், இந்தப் பிளாஸ்டிக் ஆறும்போது நன்றாகச் சுருங்கும். வேகமாக ஆறினால் அந்த இழுப்பு உள்ளேயே தங்கிவிடும். ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள்.

மறுநாள் உள்பக்கத்தையும் சுரண்டித் துடைத்து, எவர்சில்வர் வலைத் துண்டு ஒன்றை, விரிசலின் எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர் தாண்டும்படி, மூலைகளை வட்டமாக வெட்டி வைத்து, அயர்னால் அழுத்திப் பிளாஸ்டிக்குக்குள் இறக்குங்கள். பிளாஸ்டிக் வலையோடு ஒட்டாது, அதன் கண்கள் வழியே ஏறிப் பூட்டிக்கொள்ளும். மேலே மெல்லியதாக நிரப்பி மூடிவிடுங்கள். இரும்பு வலை கூடாது, உப்பு நீரில் துருப்பிடித்து உள்ளிருந்தே அறுத்துவிடும். வலையை வெளிப்பக்கம் வைப்பாரும் உண்டு. ஆனால் மணலில் உரசி உரசி அது வெளியே வந்துவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

மறுமொழி (தொண்டியிலிருந்து)

மேலே சொன்னவை அனைத்தும் சரி. வடிகால் துளையின் கீறலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் தள்ளுவண்டி, இரண்டு கம்பிகள் வடிகால் துளைகளுக்குள் நுழைந்து கயாக்கைத் தாங்கும் வகையா? அப்படியானால் கீறலுக்குக் காரணம் கல்லாக இருக்க வாய்ப்பு குறைவு. கயாக்கின் எடை முழுவதும் அந்தத் துளைகளின் சுவராக உள்ள மெல்லிய குழல்களின் மேல் விழுகிறது. மணலில் சக்கரம் புதையும் ஒவ்வொரு முறையும் கம்பி குழலை நெம்புகிறது. வண்டியை மாற்றாமல் கீறலை மட்டும் சரிசெய்தால் அது மறுபடியும் வரும். அடியைப் பரவலாகத் தாங்கி, நாடாவால் கட்டும் தொட்டில் வகை வண்டிக்கு மாறிவிடுங்கள்.

அந்த இடத்துக்கு நான் எபாக்சிப் பசையைப் பரிந்துரைப்பேன். சாதாரண எபாக்சி நிற்காது. ஆனால் கேஸ் டார்ச்சின் நீலச் சுவாலையை மேற்பரப்பின் மேல் நிறுத்தாமல் வேகமாக ஓட்டினால், மேற்பரப்பு உயிர்வளியேற்றம் அடைந்து (ஆக்சிஜனோடு சேர்ந்து) பசையை ஏற்கும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்தாகத் திரளாமல் படலமாகப் பரவினால் சுவாலை போதும். அது உலர்ந்ததும், தாமதிக்காமல், வளைந்து கொடுக்கும் வகை எபாக்சியைப் பூச வேண்டும்.

மறுமொழி (ராமநாதபுரத்திலிருந்து)

சுவாலை முறை உண்மைதான், மறுக்கவில்லை. குறுக்குப் பிணைப்புள்ள கயாக்குக்கு அதுவே வழி. ஆனால் இவருடையது உருகும் வகை. உருகுவதை உருக்கிச் சேர்ப்பதே நெடுநாள் நிற்கும். குழலின் சுவர் மெல்லியது என்பதால் அங்கே ஹீட் கன் வேண்டாம், குழல் சுருண்டுவிடும். அயர்ன் மட்டும் போதும். பள்ளமும் ஆழமாக வேண்டாம், வலையும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

சொல்லியவாறே செய்து முடித்தேன். தள்ளுவண்டி அந்தக் கம்பி வகைதான், அதை மாற்றிவிட்டோம். தொட்டித் துண்டு இழுப்புச் சோதனையில் பொருந்தியது. பெரிய விரிசல் உறுதியாக இருக்கிறது, அழுத்தினால் இறங்கவில்லை. கசிவைக் கடலில் இறக்காமலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

மறுமொழி (தேவிபட்டினத்திலிருந்து)

உண்டு. கயாக்கை மென்மையான இரண்டு மூட்டைகளின் மேல் வைத்து, உள்ளே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பழுதுபார்த்த பக்கமாகச் சாயுங்கள். நிறைய ஊற்ற வேண்டாம்; ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் தாங்கும் இடங்களில் புது இழுப்பு ஏற்படும். வெளிப்பக்கத்தைத் துடைத்து உலர்த்தி, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். எவ்வளவு நுண்ணிய கசிவாக இருந்தாலும் பவுடரில் ஈரக்கோடு தெரியும். கம்ப்ரசர் காற்றை மட்டும் உள்ளே விடாதீர்கள், பழுதில்லாத இடத்தையும் பிளந்துவிடும்.

சீவல்களையும் சுரண்டிய பொடியையும் விரிப்பில் சேர்த்து எடுத்துக் குப்பையில் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தப் பிளாஸ்டிக் மிதக்கும். கரையில் விட்டால் அடுத்த ஏற்றத்தில் கடலுக்குப் போய்விடும். ஆவுளியா என்னும் கடற்பசுவும் பச்சை ஆமையும் மேயும் கடற்புல் நம் கரைக்கு எதிரிலேயே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

பொடி முழுவதையும் சாக்கு விரித்துச் சேகரித்துவிட்டேன் ஐயா. பவுடர் சோதனையில் பெரிய விரிசலின் நீளம் முழுவதும் காய்ந்தே இருந்தது. வடிகால் துளையும் காய்ந்திருந்தது. ஆனால் விரிசலின் முன்பக்க முனையில், துளை போட்டு நிரப்பிய இடத்தைத் தாண்டி, ஒரு நெல் அளவுக்கு ஈரம் தெரிகிறது.

மறுமொழி (ராமநாதபுரத்திலிருந்து)

விரிசல் உங்கள் துளையைத் தாண்டியும் ஓடியிருக்கிறது. வெள்ளை நிறத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிகிறதா என்று விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். தண்ணீரை வடித்து, உள்ளே முழுவதும் உலர்ந்த பின், அந்தக் கோடு முடியும் இடத்துக்கு அப்பால் புதிய துளை போட்டு, அந்தச் சிறு பகுதியை மட்டும் மறுபடியும் சீவிப் பற்றவையுங்கள். வலை அந்த இடம்வரை எட்டவில்லை என்றால் உள்பக்கம் இன்னொரு சிறு துண்டைப் பழைய வலையின் மேல் ஒரு விரல் அகலம் படியும்படி வையுங்கள். பவுடர் காய்ந்தே இருக்கும் நாளில், காற்று அடங்கிய காலையில், இடுப்பளவு நீரில் ஆளை ஏற்றி முன்னும் பின்னும் அசைந்து பாருங்கள். பிறகு மூடியைத் திறந்து உள்ளே கைவைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் கரையை விட்டு அதிகம் விலக வேண்டாம். உள்ளே காற்றடைத்த பைகளைத் திணித்துக் கட்டி வையுங்கள், உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் ஏறாதீர்கள்.