தனுஷ்கோடி தேவாலயச் சுவர்: லேசர் ஸ்கேன் அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் சாய்கின்றனவா என்று லேசர் ஸ்கேனர் மூலம் அறிய ஒரு திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பவளப்பாறைக் கல், உப்புக்காற்றில் அதன் முகமே பொடிப்பொடியாக உதிர்கிறது.

ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை அளந்து, புள்ளித்திரள்களை (ஸ்கேனர் பதியும் ஏராளமான முப்பரிமாணப் புள்ளிகளின் தொகுப்பு) ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் மில்லிமீட்டர் கணக்கில் நகர்வு தெரியும். சரி, பொருத்துவதற்கு அசையாத குறிப்புப் புள்ளிகள் வேண்டுமே! சுற்றிலும் மணல். சுவரிலேயே குறி ஒட்டவும் முடியாது, சந்தேகமே அதன்மேல்தான். மணலில் கம்பம் நட்டு அதையே குறிப்புப் புள்ளியாக வைத்தால், எவ்வளவு ஆழம் இறக்கினால் நம்பலாம்?

இன்னொன்று: கல் உதிர்ந்ததையும் சுவர் சாய்ந்ததையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்? புள்ளித்திரள்களை ஒப்பிடும் கிளவுட்கம்பேர் (CloudCompare) மென்பொருள் போதுமா? கடலோரத்தில் வேலை செய்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.